சாப்பிட்டீங்களாம்மா

என் தங்கை யசோதாவின் புருஷன் தமிழ்ச்செல்வன் அன்றைக்கு உயிரோடுதான் இருந்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் என்னைக் கேட்காதீர்கள். அரபு நாட்டு ஆஸ்பத்திரியில் கால் நசுங்கிக் கிடந்தான். நினைவு இல்லை. காலை எடுத்தால் பிழைப்பான் என்றார்கள் டாக்டர்கள். எடுப்பதற்கு வீட்டு மனிதர் யாராவது ஒருவர் போனில் ‘சரி’ என்று சொல்ல வேண்டும். அவனுக்கு ஊரிலிருந்து வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்தான். அதைச் சொல்லாமல் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள், பாவிகள்.

ஏன் அப்படி நடந்தது என்று தெரிய வேண்டுமானால் தமிழ்ச்செல்வனின் அண்ணன் கோவர்த்தனனைப் பற்றித் தெரிய வேண்டும். ஆந்திராவில் வரதய்யபாளையத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற அவர்கள் ஊரில் சாவு சொல்வதென்றால் அவர்தான். நெல்லும் வேர்க்கடலையும் பயிர் வைக்கிற மனிதர். சாவு சொல்வது யாரும் கூலி கொடுத்து வைத்த வேலை இல்லை, அவராகத் தலையில் போட்டுக்கொண்டது. திருப்பதியிலோ மெட்ராசிலோ ஆஸ்பத்திரியில் யாராவது போய்விட்டால், உடன் இருப்பவர்கள் வீட்டுக்குப் போன் செய்ய மாட்டார்கள். கோவர்த்தனனுக்குத்தான் செய்வார்கள்.

அவர் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவார். வாசலில் நின்று, குரலைப் பஞ்சு மாதிரி ஆக்கிக்கொண்டு, "சாப்ட்டீங்களா?" என்று கேட்பார். இல்லை என்றால், "துன்னுட்டு வாங்க, நான் குந்திக்கினு கீறேன்" என்பார். சேதி உள்ளே போய்விட்டால் அப்புறம் அந்த வீட்டில் அடுப்பு எரியாதே, அதற்காக. அவர்கள் இரண்டு வாய் தின்ற பிறகு, "பெரியவங்க யாரு கீறாங்க வூட்ல?" என்பார். அப்புறம், "கொஞ்சம் சீரியஸா கீறாராம். டாக்டருங்க பாத்துக்கினு கீறாங்க. கெளம்புங்க, ஒரு எட்டு போய் பாத்துட்டு வந்துடலாம்." செத்துவிட்டார் என்ற சொல் அவர் வாயில் வந்ததே கிடையாது. யாரும் திருப்பிக் கேட்டதும் கிடையாது. மார்பில் அடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறுவார்கள். அந்த ஊரில் பெண்கள் குழாயடியில் சண்டை போட்டால், "உன் வூட்டுக்கு கோவர்த்தனன் வந்து சாப்ட்டியான்னு கேக்க!" என்றுதான் சாபம் விடுவார்கள்.

நான் அதற்கு நேர் எதிர். நகரியில் பவர்லூம் ஓட்டுகிறேன். தறி ஓடுகிற கொட்டகையில் கத்தினால்தான் பேச்சு. வலது காது பாதி மந்தம். எனக்கு மெல்லப் பேச வராது, வந்ததும் இல்லை. "மெல்ல பேசுடி தேவசேனா, தெருவுக்கே கேக்குது" என்பார் என் வீட்டுக்காரர். கேட்கட்டுமே, தெருவிடம் எனக்கு என்ன பயம்? என் தங்கையிடம்கூட நான் போனில் பேச ஆரம்பிப்பது, "துன்னியாடி எரும?" என்றுதான். அவளும் சிரித்துக்கொண்டே, "துன்னேன்டி ராட்சசி" என்பாள். எங்கள் பாசம் அப்படி.

அன்று காலையில் யசோதாவின் போனுக்கு அழைப்பு வந்தது. அந்த நாட்டில் இருக்கிற நம் தூதரகத்திலிருந்து சிவசங்கரன் என்கிற அதிகாரி. தமிழ் ஆள். எந்த ஊரோ தெரியாது, பேச்சு அவ்வளவு சுத்தம்.

"வணக்கம்மா. யசோதாம்மாங்களா? சாப்பிட்டீங்களாம்மா?"

என் தங்கை, "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். களத்தில் கடலைக்கொடி உதறிக்கொண்டிருந்த கோவர்த்தனன் நிமிர்ந்து பார்த்தாராம். அந்தப் பக்கம் அந்த மனிதர் இன்னும் தேனாக, "பக்கத்துல பெரியவங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?" என்றார். முடிந்தது. கோவர்த்தனன் வந்து போனை வாங்கிக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போனார். யசோதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நீங்களே சொல்லுங்கள், எங்கள் பக்கத்தில் எந்த அதிகாரி எங்களிடம் இப்படிப் பேசியிருக்கிறான்? மண்டல ஆபீசுக்குப் போனால், "ஏமய்யா, எந்துக்கொச்சினாவு?" என்பான், எதற்கு வந்தாய் என்று தெலுங்கில், தலையைக்கூடத் தூக்க மாட்டான். ஸ்டேஷனில் வாடா போடாதான். ரேஷன் கடைக்காரன்கூடத் துரை. அப்படி இருக்கும்போது, கடல் தாண்டி ஒரு பெரிய ஆபீசர் கூப்பிட்டு, அம்மா போட்டு, வணக்கம் போட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டால் அதற்கு என்ன அர்த்தம்? அந்த ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும்.

கோவர்த்தனன் நிலத் தகராறு ஒன்றுக்காகத் தன் போனில் வருகிற பேச்செல்லாம் தானாகப் பதிவாகிற மாதிரி வைத்திருந்தார். யசோதாவின் போனிலும் அதையே செய்து வைத்திருந்தார். அதனால் அங்கே பேசியது ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். எத்தனை தடவை கேட்டிருப்பேன், வயிறு எரிய எரிய.

"உங்க தம்பி கொஞ்சம் சீரியஸா இருக்காரு சார். கிடங்குல இரும்பு ரேக் சரிஞ்சு அடிபட்டிருக்கு. டாக்டர்கள் கூடவே இருந்து பாத்துக்கறாங்க."

"ம்."

"ஜுரம் குறையவே மாட்டேங்குது. அதனால ஒரு ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கு சார். அதுக்கு உங்க குடும்பத்தோட சம்மதம் வேணும். கேக்கறதுக்கே கஷ்டமாத்தான் இருக்கு."

"புரியுது சார்," என்றார் கோவர்த்தனன். குரல் உடைந்திருந்தது. "ஆனா அறுக்க வேணாம் சார். எங்க வம்சத்துல யாரையும் அறுத்தது கெடையாது. முழுசா அனுப்பிவுடுங்க. அது போதும்."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா சார்?"

"யோசிச்சுதான் சொல்றேன்."

"உங்க மனசு எனக்குப் புரியுது. உங்க விருப்பத்தை நாங்க மதிக்கிறோம் சார்."

மதித்தானாம்! காலை வெட்ட வேண்டும், வெட்டினால் பிழைப்பான் என்று தொண்டையைத் திறந்து சொல்லியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? ஊனமாக வருவதைவிடச் சாவதே மேல் என்று மறுக்கிற குடும்பம் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். பிணத்தைக் கூறு போட அனுமதி கேட்கிறார் என்று இவர் நினைத்துக்கொண்டார். இரண்டு பேரும் எவ்வளவு மரியாதைக்காரர்கள்! அந்த மரியாதைக்கு நடுவில் ஒருத்தன் ஜுரத்தில் வெந்துகொண்டிருந்தான்.

போனை வைத்துவிட்டு வந்த கோவர்த்தனன் ஜனங்களிடம், "போஸ்ட்மார்ட்டம்னு சொல்றதுக்கு அவருக்கு மனசு வரல பாரு, ஆபரேஷன்றாரு. நல்ல மனுசன். சாவு சொன்னா இப்டி சொல்லணும்" என்றாராம். தன் தொழிலைத் தன்னைவிட நன்றாகச் செய்கிறவனைப் பார்த்த பெருமை. அப்புறம்தான் துண்டை வாயில் பொத்திக்கொண்டு, "தம்பி, என் தம்பி" என்று மண்ணில் புரண்டு அழுதிருக்கிறார். அந்த அழுகை பொய் இல்லை. அந்தத் தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர்.

சாயங்காலம் சிவசங்கரன் மறுபடியும் கூப்பிட்டார். முன்பைவிட மெல்ல. "தொந்தரவுக்கு மன்னிக்கணும் சார். முடிவை இன்னொரு தடவை யோசிச்சுப் பாக்க முடியுமா? நேரம் ரொம்ப இல்ல."

"எங்க முடிவு மாறாது சார். எப்போ அனுப்புவீங்க?"

"இப்ப இருக்கற நிலைமையில பயணம் தாங்காதுங்க சார்."

"சரிங்க சார். உங்களுக்குத் தெரியாததா."

சேதி கேட்டு நான் புத்தூர் போய், பஸ் மாறி, சத்தியவேட்டில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து அன்று ராத்திரி ஊர் சேர்ந்தபோது முனையிலேயே ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். தெலுங்கில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. கண்ணீர் அஞ்சலி. நடுவில் தமிழ்ச்செல்வன் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சிரிக்கிறான். வாசலில் பந்தல், வாடகை நாற்காலி. யசோதாவின் தலையில் இருந்த பூவை எவளோ பிடுங்கிப் போட்டிருந்தாள். நானும் விழுந்து புரண்டு அழுதேன். பொய் சொல்வானேன், நானும்தான் நம்பினேன்.

மறுநாள் காலையில்தான் எனக்கு எரிச்சல் வந்தது. எப்படிச் செத்தான், எங்கே அடிபட்டது, எப்போது உயிர் போனது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

"மாமா, எப்டி செத்தான்? இன்னா சொன்னாரு அந்த ஆபீசர்?" என்று கோவர்த்தனனைக் கேட்டேன்.

"அதெல்லாம் அவரு வாயால சொல்லல தேவசேனா. நாமளா நோண்டக் கூடாது."

"வாயால சொல்லாம மூக்கால சொன்னாரா? போனைக் குடு இப்டி."

அவர் போட்டுக் காட்டினார், எவ்வளவு பக்குவமாகப் பேசினார் பார் என்று. நான் சத்தத்தைக் கூட்டி இடது காதில் வைத்து அழுத்திக்கொண்டேன். தறிக் கொட்டகையில் இருக்கிற எங்களுக்குக் குழைவும் நெளிவும் காதில் ஏறாது. என்ன சொன்னான் என்பது மட்டும்தான் வந்து சேரும். எனக்கு அதுதான் வந்து சேர்ந்தது.

"மாமா," என்றேன். "பொணத்துக்கு எங்கனா ஜொரம் அடிக்குமா?"

பந்தலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது சும்மா, நம்ம மனசு நோவக் கூடாதுன்னு..."

"நேரம் ரொம்ப இல்லன்றான். செத்தவனுக்கு இன்னாய்யா நேரம்? ரயிலுக்குப் போறானா?"

அந்த நம்பரை அழுத்தினேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். எடுத்ததும், "வணக்கம்மா, சாப்பிட்டீங்களா?" என்றார் அந்த மகராசன்.

"சாப்பாடு கெடக்குது. தமிழ்ச்செல்வன் உசிரோட கீறானா, இல்லியா?"

"பதற்றப்படாதீங்கம்மா. முதல்ல உட்காருங்க. கொஞ்சம் சீரியஸாத்தான் இருக்காரு..."

கோவர்த்தனன் பின்னால் நின்று, பார்த்தாயா என்பது போலத் தலையை ஆட்டினார். கிழவிகள் மறுபடியும் ஆரம்பித்தார்கள். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"யோவ்! நீ ஆபீசரா, சாவு வூட்ல பன்னீர் தெளிக்கிறவனா? உண்டு, இல்லன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு உனக்கு வாயில இன்னா கொழுக்கட்டையா?"

"உங்க வேதனை எனக்குப் புரியுதும்மா."

"என் வேதனைய நீ ஒண்ணும் புரிஞ்சிக்க வேணாம்! மானம் ரோசம் இருந்தா ஆம்பளயாட்டம் பேசுய்யா! உன்ன பெத்தாங்களா, வெண்ணெயில உருட்டி வச்சாங்களா?"

அப்போதுதான் அந்த மனிதருக்குப் பொறுமை அறுந்தது. "அறிவிருக்காம்மா உங்களுக்கெல்லாம்?" என்று கத்தினார் பாருங்கள், போனே அதிர்ந்தது. "ஆளு மூச்சு விட்டுக்கிட்டுக் கெடக்கான்! காலை எடுத்தா பொழைப்பான்னு டாக்டர் தலையில அடிச்சுக்கறாரு! வெட்டாதே, முழுசா அனுப்புன்னு சொல்லிட்டு ஜாலியா உட்காந்திருக்கீங்க! நீங்கல்லாம் மனுஷங்களா, காட்டுமிராண்டிங்களா?"

சுவரோரம் சுருண்டு கிடந்த யசோதா எழுந்தாள். முகம் அப்படியே மாறிப்போயிற்று.

"அக்கா, திட்டறாருக்கா!" என்றாள். "நம்மள திட்டறாருக்கா! அவரு உசிரோட கீறாரு!"

ஓடிவந்து என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு, "சரி சார், சரி சார், எடுத்துடுங்க சார், ரெண்டு காலையும் எடுத்துக்குங்க சார், உசிர மட்டும் குடுங்க சார்" என்று அழுதாள். அந்தச் ‘சரி’யைச் சிவசங்கரன் பதிவு செய்துகொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே என்னைக் கூப்பிட்டார். கோபம் தணிந்திருந்தது. முன்னே ஒரு தடவை ஒரு தாயிடம், உங்கள் மகன் இறந்துவிட்டார் என்று நேராகச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் நின்ற இடத்திலேயே விழுந்துவிட்டாளாம். புகார் போயிற்று. மேலே இருப்பவர்கள் கூப்பிட்டு, இனி எதையும் மெதுவாக, மரியாதையாகச் சொல்ல வேண்டும், பக்கத்தில் பெரியவர்கள் இருக்கிறார்களா என்று கேட்ட பிறகுதான் சொல்ல வேண்டும் என்று கண்டித்து வைத்திருக்கிறார்கள். "சாப்பிட்டீங்களான்னு கேக்கறது அன்பாத்தானேம்மா? எங்க வீட்ல அப்படித்தான் பேசுவோம்" என்றார், பரிதாபமாக.

"எங்க ஊர்ல அது வேற சார்," என்று விஷயத்தைச் சொன்னேன். "இனிமே இந்த வூட்டுக்கு போன் பண்ணா அந்தப் பேச்சே எடுக்காதே. நல்லா கத்திப் பேசு. திட்டு. அப்பதான் இவங்க காதுல ஏறும்."

அன்றைக்கு அந்த வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். முனையில் இருந்த ஃப்ளெக்ஸை நானே கிழித்து மாட்டுக் கொட்டகைக்குள் எறிந்தேன். படத்துக்குப் போட்ட மாலையைக் கழற்றினோம். யசோதா தலைக்கு ஊற்றிக்கொண்டு, பொட்டு வைத்துக்கொண்டு, பூ வைத்துக்கொண்டாள். "கால் இல்லாட்டி போவுது, வூட்ல குந்த வச்சி நான் சோறு போடுவேன்" என்றாள் வந்தவர்களிடமெல்லாம். ஆனால் சாப்பிட மாட்டேன் என்றுவிட்டாள். அவர் கண் விழித்தார் என்று சேதி வந்த பிறகுதான் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படும் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டாளாம்.

கோவர்த்தனன் மோட்டார் கொட்டகை ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். யாரும் அவரோடு பேசவில்லை. நான் விடுவேனா?

"ஊருக்கெல்லாம் பசப்பி பசப்பி சாவு சொன்னே. உன் தம்பிக்கு உசிர் இருக்குதுன்னு சொன்னா அதுவும் உன் காதுல சாவாதானே வுழுந்துது?"

"நான் இன்னாத்த கண்டேன் தேவசேனா," என்றார், நிமிராமல். "அவரு பேசினது அச்சு அசலா நான் பேசறாப்பலயே இருந்துது."

மறுநாள் பகல். யசோதா இன்றைக்குச் சேதி வந்துவிடும் என்று விடிந்ததிலிருந்து பரபரத்தாள். வந்ததும் சாப்பிட வேண்டுமே என்று உலை வைத்தாள். தமிழ்ச்செல்வனுக்குப் பிடிக்கும் என்று முருங்கைக்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். நான் வெளியே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே போன் அடித்தது. அவள் எடுத்ததுமே அந்தக் கத்தல் எனக்கு வாசல் வரைக்கும் கேட்டது.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க நீங்கல்லாம்! முதல் நாளே சொல்லித் தொலைச்சிருந்தா என்னம்மா? டாக்டர் என்னைப் பிடிச்சுக் கத்தறாரு! நான் யாருக்குன்னு பதில் சொல்றது?"

யசோதா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். சிரித்துக்கொண்டு வந்தாள். எத்தனை நாளாயிற்று அவள் பல்லைப் பார்த்து.

"அக்கா, இன்னா கத்து கத்தறாரு பாரு. எதுக்குன்னு புரியல, நீயே பேசு. நல்லாத்தான் கீறாரு போல." போனை என் கையில் வைத்துவிட்டு, "சோறு கொழைஞ்சிடும்" என்று உள்ளே ஓடினாள்.

நான் இடது காதில் வைத்துக்கொண்டு, "நான் தேவசேனா" என்றேன்.

கத்தல் நின்றது. "நீங்க சொன்ன மாதிரியே கத்திப் பாத்தேன்மா," என்றார். "அந்த வார்த்தை மட்டும் வர மாட்டேங்குது." மூச்சு வாங்கினார். அப்புறம் சொன்னார். காலை எடுத்தார்களாம். விஷம் அதற்கு முன்னாலேயே மேலே ஏறிவிட்டதாம். விடியும்போது போய்விட்டானாம். ஒருநாள் முன்னால் எடுத்திருந்தால் என்று டாக்டர் சொன்னாராம்.

நான் அவரைத் திட்டவில்லை. போனை வைத்தேன்.

மோட்டார் கொட்டகையிலிருந்து கோவர்த்தனன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்தார். அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓர் எட்டு வைத்தார், அவருடைய வேலைதானே அது. வராதே என்று கையைக் காட்டினேன். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே போனேன். யசோதா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். தலையில் பூ இருந்தது. அந்த ஃப்ளெக்ஸ் கட்டிய நாளிலிருந்து அவள் வயிற்றில் ஒரு பருக்கை இல்லை. வேண்டுதலாவது மண்ணாவது, சொல்வதற்கு முன்னால் இரண்டு வாய் உள்ளே போகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எப்போதும் போல, துன்னியாடி எரும என்று அதட்டத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதட்டத்தான் திறந்தேன். குரல் வரவில்லை. வந்தது வேறு என்னவோ.

"யசோதா," என்றேன். "சாப்ட்டியாம்மா?"

கரண்டி நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையை நீட்டி அடுப்பை அணைத்தாள்.